இடது பக்கத்து மரங்கள்

தெற்கே ஒரு மழைக்காட்டின் ஓரத்தில் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. ஒரே இனத்து மரம் எப்படி ஒரு காட்டையே பிடித்துக்கொள்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். வருடத்தில் ஒரு மாதம் எங்கள் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் அந்த மூன்று இடத்துக்கு ஐந்து குழுக்கள் போட்டி.

நான் மழைக்காட்டைக் கண்டதில்லை. அங்கே இலைகளின் நுனி மெல்லிய வால்போல நீண்டிருக்கும், மழைநீர் தங்காமல் அதனால் வழிந்து விடும் என்று முதலாம் வருடத்தில் படித்தேன். பரீட்சையில் படமும் கீறினேன். அப்படி ஓர் இலையைக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. இதை யாருக்கும் சொன்னதில்லை. நான் பொதுவாக எதையும் யாருக்கும் சொல்வதில்லை.

நிபந்தனையை எங்கள் விரிவுரையாளர் உதயகலா மிஸ் கரும்பலகையில் எழுதினார்: உங்கள் ஊரில் வேகமாகப் பரவுகிற ஒரு மரத்தை எடுங்கள். அது எப்படிப் பரவியது என்று கண்டுபிடியுங்கள்.

"எவ்வளவு பரவினது எண்டு ஒருத்தரும் எழுதிக்கொண்டு வரவேண்டாம்," என்றார். "எப்பிடி எண்டு சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு."

எங்கள் மரத்தின் பெயர் இப்பில் இப்பில். சிறிய இலை, தட்டையான நீளக் காய், உள்ளே மண்ணிறத்தில் பளபளக்கும் விதைகள். நாங்கள் மூன்று பேர்: நான், நிஷானி, நிருஷன். இரண்டு மாதமாக மயிலிட்டியில் அளந்தோம். போர்க்காலத்தில் ஆட்கள் வெளியேற, முப்பது வருடமளவில் பூட்டிக் கிடந்து திரும்பக் கிடைத்த காணிகள் அவை. சுவர் நின்ற வீடுகளின் உள்ளேயும் இப்பில் இப்பில், குசினியிலும் இப்பில் இப்பில். வெட்ட ஆளில்லை, பரவிவிட்டது. அதற்கு மேல் எழுத எங்களிடம் ஒன்றுமில்லை.

"மழைக்காடு கேட்டம், பற்றைக்காடு கிடைச்சிருக்கு," என்பான் நிருஷன், ஒவ்வொரு நாளும்.

திங்கட்கிழமை பின்னேரம் நிஷானி என்னைத் தன் ஸ்கூட்டியில் புத்தூரில் விட்டாள். அவள் வீடு கொக்குவிலில். அவளுக்கு அது பெரிய சுற்று. கேட்டால், "பெற்றோல் என்ரை, நீ பேசாமல் இரு" என்பாள். நான் பேசாமல்தான் இருப்பேன். அன்று சேலை கட்டியிருந்தேன், ஒரு பக்கமாகத்தான் இருக்கமுடியும். முகம் இடது பக்கம் பார்த்திருந்தது. சுன்னாகத்திலிருந்து புத்தூர்வரை வெங்காயத் தோட்டம், வாழை, செம்மண். இடையிடையே வீதிக்கரையில் இப்பில் இப்பில். இங்கேயும் வந்துவிட்டதே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

செவ்வாய் காலை அவள் வந்து என்னை ஏற்ற, அதே ஸ்கூட்டியில் அதே வழியால் திரும்பிப் போனோம். பதிவுக் கையெழுத்து வைக்கிற ஒரு கல்யாண எழுத்துக்குப் போகவேண்டியிருந்ததால் அன்றும் சேலை. அன்றும் ஒரு பக்கமாகத்தான் இருந்தேன். நிலாவரை வந்தது, வாழைகள் போயின, வெங்காயம் போனது. ஓரிடத்தில் ஒரு கூட்டம் இப்பில் இப்பில் நின்றது. அதன்பின் ஒன்றுமில்லை.

நேற்றுக் கண்ட மரங்கள் எங்கே?

தலையைத் திருப்பினேன். எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்றன, வீதியின் மற்றக் கரையில்.

"நிப்பாட்டு," என்றேன்.

நிஷானி பிறேக் பிடித்தாள். "என்ன, சேலை சில்லுக்குள்ளையோ?"

"இல்லை. மரம் ஒரு பக்கம்தான் நிக்குது."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். "எடி," என்றாள் மெதுவாக.

கல்யாண எழுத்துக்குப் போகவில்லை. நிருஷனைக் கூப்பிட்டோம். மோட்டார் சைக்கிளில் அளவுநாடாவோடு வந்தான். மத்தியானம்வரை எண்ணினோம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நெஞ்சளவு உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுத்தேன். வடக்குக் கரையில் நூற்று நாற்பத்து மூன்று. தெற்குக் கரையில் இருபத்திரண்டு.

அதோடு இன்னொன்றும் இருந்தது. ஒரு மரம் விதை போட்டு, அது முளைத்து, அது விதை போட்டு என்று வருடக்கணக்காக நடந்து வந்திருந்தால், போகப் போக மரம் மெலியவேண்டும். இங்கே சுன்னாகத்து மரமும் புத்தூர் மரமும் ஒரே பருமன். எல்லாம் ஒரே காலத்தில் வந்து விழுந்தவை.

"ஏதோ வாகனத்திலை வந்திருக்கு," என்றேன். "மயிலிட்டிப் பக்கமிருந்து புத்தூருக்குப் போன வாகனம். இடது கரையாலை போயிருக்கு. பாரம் வேலியிலை முட்ட, காய் கொட்டியிருக்கு. திரும்பி வரேக்கை வெறும் இழுவைப் பெட்டி."

ஒரே மூச்சில் நான் இவ்வளவு கதைத்ததை அவர்கள் இரண்டு பேரும் முன்பு கேட்டதில்லை.

நிருஷன் வாயில் புல்லை வைத்துச் சப்பினான். "சோளகம்," என்றான்.

"என்ன சோளகம்?"

"நாலு மாசம் தென்மேற்கிலை இருந்து காத்தடிக்குது. காய் றோட்டிலை விழுந்தால் காத்து வடக்குக் கரைக்குத்தானே தள்ளும். வாகனமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மிஸ் இதைத்தான் கேப்பா."

"உனக்கு ஆரணி சொன்னது பிழையா இருக்கவேணும். அதுதானே?" என்றாள் நிஷானி.

"எனக்கு அவ சொன்னது சரியா இருக்கவேணும். அதாலைதான் கேக்கிறன்."

அவன் கேட்டது நியாயம். கிழக்கு நோக்கிப் போகிற வீதியில் வாகனத்தின் இடது பக்கமும் சோளகம் தள்ளுகிற பக்கமும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க வடக்கு நோக்கித் திரும்புகிற ஒரு வீதி வேண்டும். அங்கே வாகனத்தின் இடது மேற்கு. காற்றுத் தள்ளுவது கிழக்கு.

அப்படி ஒரு வீதி எனக்குத் தெரியும். புத்தூர்ச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் வடக்கே திரும்புகிற கிறவல் றோட்டு. அதன் நடுவில்தான் எங்கள் வீடு.

"அதிலை மரம் நிக்குதோ?" என்றான் நிருஷன்.

"நிக்குது."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். இருபத்துமூன்று வருடமாக நடக்கிற றோட்டு. தந்திக்கம்பங்களைச் சொல்லமுடியும், நாய்களைச் சொல்லமுடியும். மரம் எந்தப் பக்கம் என்று வரவேயில்லை.

"நல்ல தாவரவியல் மாணவி," என்றான்.

ஸ்கூட்டி முன்னால் போனது. நான் நிஷானியின் தோளை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தேன் என்று அவள் பிறகு சட்டையை விலக்கிக் காட்டினாள். சந்திக்கு முன் திரும்பினோம். முதல் மரம் இடது கரையில் நின்றது. இரண்டாவது இடது. மூன்றாவது இடது. நிஷானி ஹோர்ன் அடிக்கத் தொடங்கினாள், மரத்துக்கொன்று. வீடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறொரு நாள் என்றால் நான் வெட்கத்தில் இறங்கி ஓடியிருப்பேன். அன்று எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்தொன்று, எல்லாம் மேற்குக் கரையில்.

"சோளகம் தோத்துது," என்றான் நிருஷன். அவன் முகமும் சிவந்திருந்தது. ஆனால் விடவில்லை. "நிலாவரைக்கு அங்காலை தெற்குக் கரையிலை ஒரு கூட்டம் நிக்குதே. அந்த இருபத்திரண்டிலை பத்தொன்பது மரம் ஒரே இடத்திலை. வாகனம் இடது பக்கத்தாலை போனால் அது என்னெண்டு வலது பக்கம் வந்தது?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

நிஷானி அதைக் கேட்கவில்லை. அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆரணி," என்றாள், "உங்கடை படலைக்கு அங்காலை ஒரு மரமும் இல்லை."

மூன்று பேரும் எங்கள் வீட்டு வாசற் படலையைப் பார்த்தோம்.

அப்பா வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டத்தில் நின்றார். அவர் பெயர் மார்க்கண்டு. பக்கத்துத் தோட்டம் செல்வரட்ணம் அண்ணையுடையது. இரண்டு பேருக்கும் பங்குக் கிணறு. ஒருநாள் அப்பா தண்ணீர் இறைத்தால் மறுநாள் அவர். நாங்கள் போனபோது செல்வரட்ணம் அண்ணை பிடுங்கிய கன்றுகளை ஒரு பிடி தூக்கிக் காட்டினார். எல்லாம் இப்பில் இப்பில்.

"மார்க்கண்டண்ணை, இண்டைக்கும் நாப்பது."

"எனக்கு அறுவது," என்றார் அப்பா.

"உதை இங்கை கொண்டந்தவன் மட்டும் என்ரை கையிலை அம்பிடவேணும்."

"நாசமாய்ப் போவான்," என்றார் அப்பா, நல்ல உறுதியாக.

செல்வரட்ணம் அண்ணை போனபிறகு நான் கேட்டேன். "அப்பா, எங்கடை வீட்டுக்கு ஆரும் மயிலிட்டியாலை இப்பில் இப்பில் குழை கொண்டந்ததோ?"

"குழையோ? இல்லையே."

"இந்த மரம் என்னெண்டு வந்தது?"

"காகம் கொண்டந்திருக்கும்."

நிருஷன் பணிவாகக் கேட்டான். "அங்கிள், காகம் இடது பக்கமாப் பறக்குமோ?"

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்போது அம்மா பிளேன்ரீத் தட்டோடு வந்தார். "ஏனப்பா," என்றார், "நீங்கள்தானே லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியிலை கட்டுக் கட்டாக் கொண்டந்தனீங்கள், ஆட்டுக்கு. என்ரை ஒண்டைவிட்ட அண்ணையின்ரை காணி துப்பரவாக்கப் போகேக்கை. பிள்ளை அப்ப கொக்குவிலிலை சின்னம்மாவோடை நிண்டு ஏஎல் சோதினைக்குப் படிச்சவள். அவளுக்குத் தெரியாது."

அப்பா தேநீரை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். ஆட்டுக்கொட்டில் இப்போது விறகுக் கொட்டில். அதன் பின்னால் எட்டிப் பார்த்தேன். நான் சிறுவயதில் விளையாடிய இடம், ஒரு மயிலிட்டியாகவே இருந்தது.

நிஷானி சிரித்துச் சிரித்து இருமினாள். நிருஷன் குறிப்புப் புத்தகத்தை மூடினான். "அவர் சொல்லவேணும்," என்றான் என்னிடம் மட்டும். "எப்ப, எத்தினை தரம், எந்த வழி எண்டு. இல்லாட்டில் இது கதை, ஆய்வில்லை."

அவர்கள் போனபிறகு அப்பா என்னிடம் வந்தார்.

"என்ரை பேர் அதிலை வரக்கூடாது, பிள்ளை. செல்வரட்ணம் ஆறு வருசமாப் பிடுங்கிறான். நானும் அவனோடை சேர்ந்து திட்டிக்கொண்டு நிக்கிறன். நாளைக்கு ஒரு கிணத்திலை என்னெண்டு தண்ணி இறைக்கிறது?"

"உங்களுக்கு முதலே தெரியுமோ, அப்பா?"

"மூண்டாம் வருசம் சாடையா விளங்கினது. அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு விளங்கியது. சொல்லாமல் விட்ட விஷயம் நாளாக நாளாக எவ்வளவு பாரமாகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

புதன்கிழமை முழுவதும் வரைபடம் கீறினேன். பெரிய தாள் நான்கை ஒட்டி, விறாந்தை நிலத்தில் விரித்து, மயிலிட்டியிலிருந்து எங்கள் படலைவரை. சுன்னாகம்வரை வெறும் கோடு, அதற்குப் பிறகு எண்ணிய ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. மனிதக் கை படாமல் எந்த மரமும் அப்படி நடக்காது. சாப்பிட மறந்தேன். நிலாவரைக்கு அங்கால் அந்தப் பத்தொன்பது புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது முழு வரைபடத்தையும் பார்த்து நக்கலடிப்பதுபோல இருந்தது.

பொழுதுபடுகிற நேரம் அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவினார். தாளை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தார். பிறகு நின்றார்.

"உது என்ன, மல்லாகத்தாலை கீறி வைச்சிருக்கிறாய்?"

"அந்த வழியாலைதானே வரவேணும்."

"ஆர் சொன்னது? அந்த நேரம் மல்லாகத்திலை றோட்டுக் கிண்டினவங்கள். நான் அளவெட்டியாலை சுத்தித்தான் வந்தனான்."

நான் தலையைத் தூக்கவில்லை. அழிறப்பரால் மல்லாகத்தை அழித்தேன். அவர் குந்தினார்.

"எத்தினை வருசம் எண்டு போட்டிருக்கிறாய்?"

"ரெண்டு."

"பிழை. ஒரு கோடைதான். மாரி தொடங்க நிப்பாட்டியிட்டன். கிழமையிலை மூண்டு தரம்."

ஒரு கோடை. அதனால்தான் எல்லா மரமும் ஒரே பருமன். எழுதினேன்.

அப்பாவின் விரல் வீதி வழியே வந்து கேள்விக்குறியில் நின்றது. "உது என்ன?"

"அதிலை பத்தொன்பது மரம் வலது பக்கம் நிக்குது. எனக்கு விளங்கேல்லை, அப்பா. உதாலை எல்லாம் பிழைச்சுப்போகும்."

அவர் எழும்பினார். முற்றத்துக்குப் போனார். துவாயை உதறிக் கொடியில் போட்டார். திரும்பி வந்து குந்தினார்.

"ஒரு சின்ன வைரவர் கோயில் வருமெல்லே. அதுக்கு இங்காலையோ அங்காலையோ?"

"அங்காலை. இருபது மீற்றர் இருக்கும்."

"அதிலைதான் பெட்டி பிரண்டது," என்றார்.

நான் பென்சிலை எடுத்தேன்.

"பின்னாலை வந்த மினிபஸ்காரன் இடது பக்கத்தாலை முந்தினவன். நான் வலது பக்கம் வெட்டினன். பெட்டி அப்பிடியே கானுக்குள்ளை சரிஞ்சது. அரைவாசியைத்தான் அள்ள ஏலுமாயிருந்தது. மிச்சத்தை விட்டிட்டு வந்திட்டன்."

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்ப அந்த முழங்கால் காயம்? கிணத்தடியிலை வழுக்கினது எண்டு சொன்னனீங்கள்."

அப்பா முழங்காலைச் சாரத்தால் மூடினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கேள்விக்குறியை அழித்தேன். அந்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

"இனிச் சரியோ?" என்றார் அப்பா.

"சரி. ஆனால் ஆர் சொன்னது எண்டு கேப்பினம்."

"என்ரை பேரைப் போடாட்டில்?"

"போடாட்டில் அது சாட்சியில்லை. நான் சும்மா நினைச்சது மாதிரித்தான். நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போடமாட்டன், அப்பா." அதைச் சொன்னபோது நுனி நீண்ட அந்த இலை என் கையைவிட்டுப் போவது தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவர் வரைபடத்தைக் கனநேரம் பார்த்தார். "வடிவாத்தான் கீறியிருக்கிறாய்," என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.

வியாழன் காலை தண்ணீர் இறைப்பது செல்வரட்ணம் அண்ணையின் முறை. அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். தோட்டத்துக்கு அவர் சேட்டுப் போடுவதில்லை. நான் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பா கதைப்பது தெரிந்தது, கேட்கவில்லை. செல்வரட்ணம் அண்ணை மண்வெட்டியை நிலத்தில் வைத்தார். இடுப்பில் கையை வைத்தார். தண்ணீர் ஒரு பாத்தியைத் தாண்டி மற்றப் பாத்திக்கும் வழிந்தது. அவர் திருப்பிவிடவில்லை. பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். றோட்டுவரை கேட்டது.

"நாசமாய்ப் போவான் எண்டு நீங்கள்தானே அண்ணை கூடச் சொன்னனீங்கள்."

அப்பா ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் சரி. இந்தப் போகம் முழுக்க என்ரை பக்கமும் நீங்கள்தான் பிடுங்கிறியள். இண்டைக்கே தொடங்குங்கோ. அந்த மூலையிலை இருந்து."

அப்பா சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் குனிந்தார். மத்தியானம் சாப்பிட வந்தபோது விரலெல்லாம் பச்சை.

"போடு," என்றார். "முழுப்பேரையும் போடு. மார்க்கண்டு எண்டு இந்த ஊரிலை மூண்டு பேர் இருக்கினம். மற்ற ரெண்டு பேருக்கும் உந்தப் பேர் போகக்கூடாது."

வெள்ளிக்கிழமை நிஷானி பேசுவதாகத்தான் ஏற்பாடு. எப்போதும் அவள்தான் பேசுவாள். முறை வந்ததும் அவள் வரைபடத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள், நிருஷன் மற்ற மூலையை. "எங்களுக்குக் கையில்லை," என்றாள். "நீ கதை."

முன்வரிசையில் உதயகலா மிஸ்ஸும் வேறு இரண்டு விரிவுரையாளர்களும் இருந்தார்கள். நான் தாளைப் பார்த்துத்தான் தொடங்கினேன். ஸ்கூட்டியில் ஒரு பக்கமாக இருந்ததைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். அது உதவியாக இருந்தது. சோளகத்தைச் சொன்னேன், கிறவல் றோட்டைச் சொன்னேன். நடுவில் தாளைப் பார்க்க மறந்துவிட்டேன். கை தானாக மயிலிட்டியிலிருந்து புத்தூருக்கு ஓடியது. பெட்டி பிரண்ட இடத்தில் விரலை வைத்து நிறுத்தினேன்.

"நல்லாயிருக்கு," என்றார் மிஸ். "ஆனால் ஒரு லான்ட்மாஸ்டர், ஒரு கோடை, கிழமையிலை மூண்டு தரம். இவ்வளவு துல்லியமா ஆர் சொன்னது?"

"ஓட்டினவர் சொன்னவர், மிஸ்."

"அவரை நம்பலாமோ? எப்பிடித் தெரியும்?"

"சின்னப்பு மார்க்கண்டு. புத்தூர். என்ரை அப்பா," என்றேன். "சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கு நல்லது. சொன்னதுக்கு இப்ப பக்கத்துத் தோட்டத்திலை கன்று பிடுங்கிறார். இந்த நேரமும் பிடுங்கிக்கொண்டு நிப்பார்."

முதலில் சிரித்தது மிஸ்தான்.

பின்னேரம் நான்கு மணிக்கு அறிவித்தல் பலகையில் எங்கள் மூன்று பேரின் பெயரையும் போட்டார்கள். நிருஷன் இரண்டு தரம் வாசித்தான், பிறகு ஒரு மரத்தடியில் போய்த் தனியாக நின்றான். நிஷானி ஸ்கூட்டி ஹோர்னை மூன்று தரம் அடித்தாள்.

கடிதத்தோடு நிலையத்தின் விதிகளும் வந்தன. முதலாவது விதி: சப்பாத்து, பை, காற்சட்டை மடிப்பு எல்லாவற்றையும் கழுவித் துப்புரவாக்கிக்கொண்டு வரவேண்டும். வெளி விதை ஒன்றுகூடக் காட்டுக்குள் வரக்கூடாது. அதை வீட்டில் சத்தமாக வாசித்தேன்.

அப்பா எழும்பிப் போய் என் சப்பாத்தில் ஒன்றை எடுத்து வந்தார். கிணற்றடியில் குந்தி, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து, அடியில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகக் கிண்டினார். செம்மண் வந்தது. சிறு கல் வந்தது. பிறகு மண்ணிறமாய்ப் பளபளக்கிற ஒன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டிக் காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் அதை அடுப்புக்குள் போட்டுவிட்டு வந்தார்.

"மற்றச் சப்பாத்தைத் தா," என்றார்.